சர்வர்ல விஎம் சாஃப்ட்வேர் ஓடலையா? அழிச்சுட்டு திருப்பி போடுறதுக்கு முன்னாடி இதை பாருங்க

லினக்ஸ் சர்வர்ல முதல் தடவை விர்ச்சுவல் மெஷின் (சுருக்கமா விஎம், ஒரு கம்ப்யூட்டருக்குள்ள ஓடுற இன்னொரு கம்ப்யூட்டர்) சாஃப்ட்வேர் போடுறவங்க கிட்டத்தட்ட எல்லாருமே ஒரே கூத்துதான் பண்றோம். பேக்கேஜ் இறங்கும், ஏறும், கடைசி ரெண்டு வரியில ஏதோ எரர் ஓடும், அதை படிக்காமலே ரிமூவ் பண்ணி திருப்பி இன்ஸ்டால் பண்ணுவோம், அதே எரர் வரும், சரின்னு பர்ஜ் பண்ணி சுத்தமா தொடச்சுட்டு போடுவோம், அப்பவும் அதே எரர், கடைசில ஓஎஸ்ஸையே மாத்திரலாமான்னு யோசனை வந்துரும். நானும் ஒரு ராத்திரி முழுக்க இப்படி உக்காந்திருக்கேன். அஞ்சு தடவை இன்ஸ்டால் பண்ணேன், அஞ்சு தடவையும் பேக்கேஜ் மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு அதுக்கு கீழ இருந்துச்சு.

மத்த சாஃப்ட்வேர் எல்லாம் கெர்னலுக்கு (ஓஎஸ்ஸோட மையம் அது) மேல உக்காந்து வேலை பாக்கும், ஃபைல் எல்லாம் அந்தந்த இடத்துல போய் உக்காந்தா வேலை முடிஞ்சது. விஎம் சாஃப்ட்வேர் அப்படி இல்ல, அது கெர்னலுக்குள்ள கைய விடணும், அதுக்கு சிபியு இடம் குடுக்கணும், சிபியு இடம் குடுக்கணும்னா பயாஸ்ல (ஓஎஸ்ஸுக்கு முன்னாடி ஓடுற மெஷின் செட்டிங்ஸ்) அது ஆன்ல இருக்கணும். அதனால சிபியு, பயாஸ், கெர்னல், மாட்யூல், சர்வீஸ், பர்மிஷன், நெட்வொர்க்னு கீழ இருந்து மேல வரிசையா பாத்துக்கிட்டே வாங்க. கீழ ஒண்ணு சரியில்லன்னா மேல எத்தனை தடவை முட்டினாலும் ஒண்ணும் நடக்காது.

கமாண்ட், எரர் எல்லாத்தையும் வாயால படிக்கிற சத்தத்துலயே தமிழ்ல எழுதியிருக்கேன். டெர்மினல்ல அடிக்கிறப்ப ஆங்கிலத்துல சின்ன எழுத்துல அடிச்சுக்கோங்க, பெரிய எழுத்து வேணும்னா அந்த இடத்துல சொல்றேன்.

எதை போடப்போறீங்க?

இதை முதல்ல முடிவு பண்ணிருங்க, ஏன்னா வர்ற பிரச்சினையே இதை பொறுத்து மாறும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ரெண்டும் வெளியில இருந்து வர்ற கெர்னல் மாட்யூலை (கெர்னலோட ஒட்டிக்கிற துண்டு புரோகிராம்) உங்க கெர்னலுக்குள்ள சொருகி ஓடுறது. விர்ச்சுவல்பாக்ஸுக்கு விபாக்ஸ்டிஆர்வி, விஎம்வேருக்கு விஎம்மான், விஎம்நெட். கேவிஎம் அப்படி இல்ல, 2007ல வந்த 2.6.20 கெர்னல்ல இருந்தே லினக்ஸுக்குள்ளயே இருக்கு, நீங்க தனியா எதையும் கம்பைல் பண்ண வேண்டியதில்ல, அது மேல க்யூஎமுவும் (விஎம்மை ஓட்டுற புரோகிராம்) லிப்வர்ட்டும் (விஎம்மை நிர்வாகம் பண்றது) போட்டா போதும். என்னை கேட்டா சர்வருக்கு கேவிஎம்தான், யோசிக்கவே வேணாம். விர்ச்சுவல்பாக்ஸ் உங்க லேப்டாப்புக்கு நல்ல சாமான், மவுஸ்ல கிளிக் பண்ணி ஓட்டலாம். ஆனா திரையே இல்லாத சர்வர்ல அதை போட்டு, ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்கும் மாட்யூல் உடைஞ்சுதான்னு பாத்துக்கிட்டு இருக்கிறது தேவையில்லாத தலைவலி. இருந்தாலும் ஏற்கனவே இருக்கிற விஎம் எல்லாம் விர்ச்சுவல்பாக்ஸ்ல இருக்கு, அதைத்தான் போட்டாகணும்னு இருக்கிறவங்களுக்காக ரெண்டையும் சேத்தே சொல்றேன்.

முதல்ல எந்த மெஷின்ல நிக்கிறீங்க

யூநேம் -எம் அடிங்க. எக்ஸ்86_64ன்னு வந்தா இன்டெல் இல்ல ஏஎம்டி. ஏஆர்ச்64ன்னு வந்தா அது ஆர்ம் சர்வர், அதுல இன்டெல்லுக்கு பண்ண விர்ச்சுவல்பாக்ஸ் பேக்கேஜ் ஏறவே ஏறாது, கேவிஎம் பக்கம் போயிருங்க.

அடுத்து சிஸ்டம்டி-டிடெக்ட்-வர்ட். நன்னு வந்தா நிஜமான இரும்பு மெஷின், சந்தோஷம். கேவிஎம், விஎம்வேர், ஜென் அப்படி ஏதாச்சும் வந்தா நீங்க நிக்கிறதே ஒரு விஎம்முக்குள்ள, அதுக்குள்ள இன்னொரு விஎம் ஓட்டணும்னா வெளிய இருக்கிற மெஷின்ல நெஸ்டட் வசதி ஆன் ஆகியிருக்கணும், அதை உள்ள இருந்துக்கிட்டு உங்களால மாத்த முடியாது, வாடகைக்கு குடுத்தவங்களைத்தான் கேக்கணும். எல்எக்ஸ்சி, ஓபன்விஇசட்னு வந்தா அது கன்டெய்னர். கெர்னலே உங்களுது இல்ல, மாட்யூல் எதையும் ஏத்த விடாது, அதோட விட்டுருங்க, வேற சர்வர் எடுங்க. இந்த ஒரு கமாண்டை முதல்லயே அடிக்காம மூணு நாள் மல்லுக்கட்டுனவங்களை பாத்திருக்கேன்.

அப்புறம் எல்எஸ்சிபியு அடிச்சு வர்ச்சுவலைசேஷன்னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க. விடி-எக்ஸ்னா இன்டெல், ஏஎம்டி-வின்னா ஏஎம்டி. 2005, 2006ல வந்த வசதி இது, இன்னைக்கு சர்வர்ல இருக்கிற சிபியு எல்லாத்துலயும் இருக்கும். ஆனா இருக்கிறது வேற, ஆன்ல இருக்கிறது வேற. பழைய கெர்னல்ல பயாஸ்ல ஆஃப் பண்ணி வெச்சிருந்தாலும் இந்த வரி சமத்தா வந்து நிக்கும். அதனால இதோட நிறுத்தாம சுடோ டிமெசேஜ் (டி, எம், இ, எஸ், ஜின்னு அஞ்சே எழுத்து) அடிச்சு அதுல வர்ற கெர்னல் செய்தில கேவிஎம்ன்ற வார்த்தையை கிரெப் பண்ணி, அதாவது தேடி பாருங்க. டிசேபிள்ட் பை பயாஸ்னு ஒரு வரி வந்தா விஷயம் தெளிவா தெரிஞ்சு போச்சு.

உபுண்டு, டெபியன்னா சிபியு-செக்கர்னு ஒரு சின்ன பேக்கேஜ் இருக்கு, அதை போட்டு கேவிஎம்-ஓகே அடிச்சா ஆமா இல்லன்னு பட்டுன்னு சொல்லிரும். லிப்வர்ட் போட்டுட்டீங்கன்னா வர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் இன்னும் விவரமா சொல்லும், ஒவ்வொரு வரிக்கும் பாஸ், வார்ன், ஃபெயில்னு. ஐஓஎம்எம்யு பத்தி வார்னிங் வந்தா பயந்துராதீங்க, கிராஃபிக்ஸ் கார்டு மாதிரி ஒரு கார்டை நேரா விஎம்முக்குள்ள குடுக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது வேணும்.

பயாஸ்ல போய் ஆன் பண்றப்ப பேரு போர்டுக்கு போர்டு மாறும். இன்டெல்ல வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜின்னோ விஎம்எக்ஸ்னோ இருக்கும், ஏஎம்டில எஸ்விஎம் மோட்னு இருக்கும். விடி-டின்னு ஒண்ணும் பக்கத்துலயே இருக்கும், அதை ஆன் பண்ணிட்டு வேலை முடிஞ்சதுன்னு வந்துராதீங்க, அது வேற. சேவ் பண்ணி ரீபூட் பண்ணியும் மாறலன்னா, ஒரு தடவை பவரை முழுசா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சில போர்டுக்கு அதுவும் வேண்டியிருக்கு.

இது சரியில்லாம க்யூஎமு போட்டீங்கன்னா ஒரு வேடிக்கை நடக்கும். விஎம் ஓடும்! ஆனா சிபியுவை சாஃப்ட்வேர்லயே நடிச்சு ஓட்டும், இன்ஸ்டாலர் ஸ்கிரீன் வர்றதுக்கே கொட்டாவி வந்துரும். விஎம் உருவாக்குற வர்ட்-இன்ஸ்டால் கமாண்ட் ஆரம்பத்துலயே கேவிஎம் கிடைக்கல, வெறும் க்யூஎமுல ஓட்டுறேன்னு ஒரு வரி எச்சரிக்கை போடும், நாமதான் அதை தாண்டி போயிருப்போம்.

பேக்கேஜே ஏறலன்னா

இதை சீக்கிரம் முடிச்சிருவோம். டிபிகேஜி (பேக்கேஜ் ஏத்துற புரோகிராம்) லாக் கிடைக்கலன்னு வந்தா பின்னாடி ஆட்டோமேட்டிக் அப்டேட் ஓடிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம், அஞ்சு பத்து நிமிஷம் பொறுங்க. லாக் ஃபைலை ஆர்எம் போட்டு அழிக்க சொல்லி யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பாதி ஏறின பேக்கேஜோட டேட்டாபேஸ் கலைஞ்சு போச்சுன்னா அது இதைவிட பெரிய வேலை. ஏற்கனவே பாதியில நின்னு போயிருந்தா சுடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அப்புறம் சுடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்.

அப்புறம் டிஎஃப் -எச் அடிச்சு /பூட் நிறைஞ்சிருக்கான்னு பாருங்க. இது நெறய பேரு யோசிக்காத இடம். பழைய கெர்னல் எல்லாம் சேந்து /பூட் நூறு சதவீதம் ஆகி, புது கெர்னல் பாதி ஏறி நின்னு, அதனால எந்த பேக்கேஜ் போட்டாலும் எரர் வரும், நீங்க விர்ச்சுவல்பாக்ஸ்தான் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. சுடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் போட்டா பழசு எல்லாம் போயிரும்.

கெர்னல் ஹெடர்: பாதி பேரு விழுற குழி

விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ போடுறவங்களுக்கு வர்ற தகராறுல பெரும்பங்கு இங்கதான். கெர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்ட், ஆர்சி ஈக்வல் மைனஸ் 1908னு ஒரு எரர் வருது பாருங்க, அந்த பிரபலமான எரர், அது சொல்றது என்னன்னா விபாக்ஸ்டிஆர்வி மாட்யூல் ஏறல, அவ்ளோதான். ஏன் ஏறலன்னு அது சொல்லாது, அதை நாமதான் தோண்டணும்.

மாட்யூலை உங்க சர்வர்லயே, இப்ப ஓடிக்கிட்டு இருக்கிற கெர்னலுக்கு ஏத்த மாதிரி கம்பைல் பண்ணணும். அதுக்கு மூணு சாமான் வேணும்: ஜிசிசி (கம்பைலர்), மேக், அப்புறம் கெர்னல் ஹெடர் (கெர்னலுக்குள்ள என்னென்ன ஃபங்ஷன் இருக்குன்னு கம்பைலருக்கு சொல்ற ஃபைல்). விர்ச்சுவல்பாக்ஸுக்கு பெர்லும் சேத்துக்கோங்க. இதுல ஹெடர்தான் வம்பு, ஏன்னா அது ஓடுற கெர்னலோட வெர்ஷனுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். 6.8.0-45க்கு 6.8.0-47 ஹெடர் ஒத்துக்காது.

இதை கண்ணால பாக்கணும்னா யூநேம் -ஆர் அடிங்க, ஒரு வெர்ஷன் வரும். அடுத்து எல்எஸ் /லிப்/மாட்யூல்ஸ் அடிங்க, ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒரு டைரக்டரி இருக்கும். யூநேம் சொன்ன வெர்ஷன் டைரக்டரிக்குள்ள பில்ட்னு ஒரு லிங்க் இருக்கணும், அந்த லிங்க் போற இடம் நிஜமாவே இருக்கணும். லிங்க் சிவப்புல மினுக்கிக்கிட்டு இருந்தா அது போற இடம் காலின்னு அர்த்தம், அதாவது ஹெடர் இல்ல.

அடிக்கடி நடக்கிறது இப்படி: நேத்து ஆப்ட் அப்கிரேட் போட்டிருப்பீங்க, புது கெர்னல் வந்து டிஸ்க்ல உக்காந்திருக்கும், சர்வரை ரீபூட் பண்ணியிருக்க மாட்டீங்க, ஓடுறது பழைய கெர்னல், இன்னைக்கு ஹெடர் போட்டா வர்றது புது கெர்னலோட ஹெடர். ரெண்டும் ஒட்டாது. முதல்ல ரீபூட் பண்ணுங்க, அப்புறம் ஹெடர் போடுங்க. உபுண்டு, டெபியன்ல லினக்ஸ்-ஹெடர்ஸ்-னு ஆரம்பிச்சு அதோட யூநேம் -ஆர் குடுத்த வெர்ஷனை அப்படியே ஒட்டி ஆப்ட் இன்ஸ்டால் பண்ணுங்க. ரெட் ஹேட், ராக்கி, ஆல்மா குடும்பத்துல கெர்னல்-டெவல்னு பேரு, கூட எல்ஃப்யூட்டில்ஸ்-லிப்எல்ஃப்-டெவலும் வேணும். உபுண்டுல லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்கையும் சேத்து போட்டு வெச்சுட்டா அடுத்த கெர்னல் வர்றப்ப ஹெடரும் கூடவே வந்துரும், ஒவ்வொரு தடவையும் இந்த கூத்து வேணாம். ஹெச்டபிள்யூஇ கெர்னல் (பழைய உபுண்டு ரிலீஸுக்கு வர்ற புது கெர்னல்) ஓட்டுறவங்க மட்டும் அதுக்குன்னு இருக்கிற ஹெடர் மெட்டா பேக்கேஜை போடணும்.

போட்டாச்சுன்னா சுடோ /எஸ்பின்/விபாக்ஸ்கான்ஃபிக். இது மாட்யூலை திருப்பி கட்டி ஏத்தும். விஎம்வேருக்கு விஎம்வேர்-மாட்கான்ஃபிக் --கன்சோல் --இன்ஸ்டால்-ஆல். உபுண்டு ரெப்போல இருந்தே விர்ச்சுவல்பாக்ஸ் போட்டிருந்தா அது டிகேஎம்எஸ் (கெர்னல் மாறுறப்ப எல்லாம் மாட்யூலை திருப்பி கட்டுற கருவி) மூலமா கட்டும், டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடிச்சா இன்ஸ்டால்டுன்னு வரணும். வெறும் ஆடட்னு மட்டும் வந்தா கட்டுற வேலை நடக்கலன்னு அர்த்தம்.

அப்பவும் ஃபெயில் ஆனா லாகை படிங்க. விர்ச்சுவல்பாக்ஸுக்கு /வார்/லாக்/விபாக்ஸ்-செட்டப்.லாக், டிகேஎம்எஸ்னா /வார்/லிப்/டிகேஎம்எஸ்க்குள்ள பில்ட் டைரக்டரியில மேக்.லாக். படிக்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எல்லாரும் கடைசி வரியை பாப்பாங்க, அங்க மேக் எரர் 2ன்னு இருக்கும், அதை வெச்சு தேடுவாங்க, உலகத்துல இருக்கிற அத்தனை கம்பைல் பிரச்சினையும் வந்து விழும். மேல இருந்து படிச்சுக்கிட்டு வாங்க, எரர்ன்ற வார்த்தை முதல்ல எங்க வருதோ அதுதான் நோய், அதுக்கு கீழ இருக்கிறது எல்லாம் அந்த நோயால வந்த காய்ச்சல்.

அந்த முதல் எரர்ல ஜிசிசி-12 நாட் ஃபவுண்ட்னு இருந்தா கெர்னலை கட்டுன கம்பைலரும் உங்க சர்வர்ல இருக்கிற கம்பைலரும் வேற வேற. உபுண்டு 22.04ல 6.5 கெர்னல் வந்தப்ப இது நெறய பேருக்கு அடிச்சது, அந்த ரிலீஸோட வழக்கமான கம்பைலர் ஜிசிசி 11, ஆனா கெர்னல் கட்டுனது 12ல. ஆப்ட் இன்ஸ்டால் ஜிசிசி-12 போட்டா முடிஞ்சது. அதுக்கு பதிலா இம்ப்ளிசிட் டிக்லரேஷன், டூ மெனி ஆர்குமெண்ட்ஸ் மாதிரி சி லாங்குவேஜ் புலம்பல் வந்தா உங்க கெர்னல் புதுசு, விர்ச்சுவல்பாக்ஸ் பழசு. கெர்னலுக்குள்ள ஒரு ஃபங்ஷனை மாத்திட்டாங்க, பழைய மாட்யூல் இன்னும் பழைய பேரை சொல்லி கூப்பிடுது. இதுக்கு நீங்க எந்த ஹெடர் போட்டாலும் தீராது, விர்ச்சுவல்பாக்ஸோட புது வெர்ஷன் போடுங்க, இல்லன்னா பழைய கெர்னல்ல பூட் பண்ணுங்க.

செக்யூர் பூட்: எஸ்எஸ்எச்ல தெரியாத நீல ஸ்கிரீன்

மாட்யூல் ஒழுங்கா கட்டிருச்சு, ஒரு எரரும் இல்ல, ஆனா அதை ஏத்த மாட்புரோப் விபாக்ஸ்டிஆர்வி அடிச்சா கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்னு வருது, பழைய கெர்னல்னா ரிக்வயர்ட் கீ நாட் அவைலபிள்னு வரும். இது செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத மாட்யூலை கெர்னல் உள்ள விடாது. மாக்யூட்டில் --எஸ்பி-ஸ்டேட் அடிச்சா செக்யூர்பூட் எனேபிள்டுன்னு சொல்லும்.

வழி ரெண்டு. ஒண்ணு பயாஸ்ல செக்யூர் பூட்டை ஆஃப் பண்றது, சொந்த டெஸ்ட் மெஷின்னா பண்ணிக்கோங்க, ஆபீஸ் சர்வர்னா கேட்டுட்டு பண்ணுங்க. இன்னொண்ணு உங்க சொந்த கீயை (மாக்னு சொல்வாங்க, மெஷின் ஓனர் கீ) மெஷினுக்கு அறிமுகப்படுத்துறது. உபுண்டுல டிகேஎம்எஸ் அந்த கீயை தானே உண்டாக்கி /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மாக் டைரக்டரியில வெச்சிருக்கும். சுடோ மாக்யூட்டில் --இம்போர்ட் போட்டு அந்த டைரக்டரியில இருக்கிற மாக்.டெர் ஃபைலை குடுக்கணும், இதுல மாக் மட்டும் பெரிய எழுத்து. ஒரு பாஸ்வேர்ட் கேக்கும், எட்டு எழுத்துக்கு குறையாம வைங்க, ஒரே ஒரு தடவைதான் அது தேவைப்படும். அப்புறம் ரீபூட்.

நான் மாட்டிக்கிட்டது இங்கதான். சர்வர் எங்கயோ ரேக்ல இருக்கு, நான் எஸ்எஸ்எச்ல, அதாவது நெட்வொர்க் வழியா தூரத்துல இருந்து உள்ள இருக்கேன். இம்போர்ட் போட்டேன், ரீபூட் பண்ணேன், சர்வர் திரும்பி வந்துச்சு, மாட்புரோப் அடிச்சா அதே ரிஜெக்டட். பாஸ்வேர்ட் தப்போன்னு திருப்பி இம்போர்ட், திருப்பி ரீபூட், அதே கதை. மூணு தடவை. கடைசில சர்வரோட ஐபிஎம்ஐ கன்சோலை (சர்வர் திரையை தூரத்துல இருந்து காட்டுற வசதி) பிரவுசர்ல திறந்து வெச்சுக்கிட்டு ரீபூட் பண்ணி பாத்தா, பூட் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு நீல ஸ்கிரீன் வருது, மாக் மேனேஜ்மென்ட் பண்ண ஏதாவது கீயை அழுத்துன்னு சொல்லிட்டு பத்துல இருந்து கவுண்ட்டவுன் ஓடுது, யாரும் அழுத்தலன்னா அது பாட்டுக்கு பூட் ஆகி போயிருது, இம்போர்ட் கோரிக்கையும் அதோட காலி. மூணு தடவையும் அது ஆளில்லாத ரூம்ல என்னை கூப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கு!

அதனால தூரத்துல இருக்கிற சர்வர்னா முதல்ல கன்சோலுக்கு வழி பண்ணுங்க. ஐடிராக், ஐஎல்ஓ, ஐபிஎம்ஐ எதுவா இருந்தாலும் சரி, இல்லன்னா டேட்டா சென்டர்ல யாராச்சும் கீபோர்டு முன்னாடி நிக்கணும். நீல ஸ்கிரீன்ல என்ரோல் மாக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்ட், ரீபூட், இதுதான் வரிசை. பாஸ்வேர்டுல சிறப்பு குறி எதுவும் வேணாம், அந்த ஸ்கிரீன் உங்க கீபோர்டு லேஅவுட்டை மதிக்காது, சின்ன எழுத்தும் நம்பரும் மட்டும் வைங்க.

கேவிஎம்ல இந்த தொல்லை கிடையாது, அந்த மாட்யூல் டிஸ்ட்ரோ கெர்னலோடயே வருது, அவங்க கையெழுத்தோடயே வருது. மேல நான் சர்வருக்கு கேவிஎம்னு அடிச்சு சொன்னதுக்கு பாதி காரணம் இந்த நீல ஸ்கிரீன்தான்.

ஒரே உறையில ரெண்டு கத்தி

கேவிஎம்மும் விர்ச்சுவல்பாக்ஸும் ஒரே சர்வர்ல இருந்தா, சிபியுவோட விடி-எக்ஸை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டா இன்னொருத்தருக்கு கிடைக்காது. வெர் விஎம்எக்ஸ் இன் விஎம்எக்ஸ் ரூட் மோட்னு நீட்டமா ஒரு எரர் கோட் வந்தா இதுதான். முன்னாடி எல்லாம் கேவிஎம்ல ஏதாச்சும் விஎம் ஓடிக்கிட்டு இருந்தாதான் இந்த சண்டை வரும். 2024 நவம்பர்ல வந்த 6.12 கெர்னல்ல இருந்து கேவிஎம் மாட்யூல் ஏறின உடனேயே விடி-எக்ஸை பிடிச்சு வெச்சுக்குது, ஒரு விஎம்மும் ஓட வேண்டியதில்ல. நேத்து வரைக்கும் ஓடுன விர்ச்சுவல்பாக்ஸ் கெர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் படுத்துருச்சுன்னா இதை முதல்ல சந்தேகப்படுங்க.

உடனடி மருந்து சுடோ மாட்புரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல், ஏஎம்டின்னா கேவிஎம்_ஏஎம்டி. நிரந்தரமா வேணும்னா கெர்னல் பூட் லைன்ல கேவிஎம்.எனேபிள்_வர்ட்_அட்_லோட்=0ன்னு சேத்து கிரப் (பூட் பண்ற புரோகிராம்) அப்டேட் பண்ணுங்க. இல்ல ஏதாவது ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணை தூக்குங்க, சர்வர்ல ரெண்டும் எதுக்கு?

சர்வீஸும் பர்மிஷனும்

கேவிஎம் பக்கம் வந்தவங்களுக்கு உபுண்டுல போட வேண்டியது க்யூஎமு-சிஸ்டம்-எக்ஸ்86, லிப்வர்ட்-டீமன்-சிஸ்டம், லிப்வர்ட்-கிளையன்ட்ஸ், வர்ட்இன்ஸ்ட். ஏறினதும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் லிப்வர்ட்டி அடிச்சு இன்ஆக்டிவ், டெட்னு வந்தா பதறாதீங்க, வேலை இல்லாதப்ப அது தானே தூங்கிரும், யாராச்சும் கூப்பிட்டா சாக்கெட் வழியா எந்திரிக்கும். ரெட் ஹேட் 9 குடும்பத்துல வழக்கமா லிப்வர்ட்டி ஓடாது, அங்க அதை துண்டு துண்டா பிரிச்சுட்டாங்க, வர்ட்க்யூஎமுடி.சாக்கெட்டை பாருங்க.

உங்க யூசரை லிப்வர்ட், கேவிஎம்னு ரெண்டு குரூப்லயும் சேக்கணும். சுடோ யூசர்மாட் -ஏஜி லிப்வர்ட்,கேவிஎம், அப்புறம் உங்க யூசர் பேரு. இதுல ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏவை விட்டுராதீங்க சாமி, விட்டா நீங்க ஏற்கனவே இருந்த குரூப் எல்லாத்துல இருந்தும் தூக்கிரும், சுடோ குரூப் உட்பட, அப்புறம் ரூட் பாஸ்வேர்டை தேடிக்கிட்டு அலையணும். சேத்த பிறகு லாகவுட் பண்ணி திரும்ப வாங்க. டிமக்ஸ்க்குள்ள (எஸ்எஸ்எச் அறுந்தாலும் டெர்மினலை உயிரோட வெச்சிருக்கிறது) வேலை பாக்கிறவங்க கவனம், எஸ்எஸ்எச்சை வெட்டிட்டு வந்து பழைய டிமக்ஸ்லயே ஒட்டிக்கிட்டா பழைய குரூப்தான் இருக்கும், நியாயமா எல்லாம் பண்ணியும் பர்மிஷன் டினைட்னு வந்துக்கிட்டே இருக்கும், டிமக்ஸ் சர்வரையும் கொன்னுட்டு புதுசா திறக்கணும்.

நேத்து உருவாக்குன விஎம்மை இன்னைக்கு காணோம்னு சொல்றவங்க பாதி பேரு சுடோ போட்டு உருவாக்கிட்டு சுடோ இல்லாம தேடுறவங்க. லிப்வர்ட்டோட கமாண்ட் பேரு வர்ஷ், அது ரெண்டு உலகத்துல இயங்கும், க்யூஎமு:///சிஸ்டம் ஒண்ணு, க்யூஎமு:///செஷன் ஒண்ணு, பல டிஸ்ட்ரோல சாதா யூசரா அடிச்சா செஷன்தான் திறக்கும், அங்க லிஸ்ட் காலியா இருக்கும். வர்ஷ் -சி க்யூஎமு:///சிஸ்டம் லிஸ்ட் --ஆல் அடிச்சு பாருங்க, விஎம் பத்திரமா அங்கதான் இருக்கும்.

அடுத்தது ஐஎஸ்ஓ ஃபைல் (ஓஎஸ் இன்ஸ்டால் பண்ற டிஸ்க்கோட காப்பி). உங்க ஹோம் டைரக்டரியில டவுன்லோட் பண்ணி வெச்சிருப்பீங்க, விஎம் ஆரம்பிச்சா குட் நாட் ஓபன், பர்மிஷன் டினைட்னு வரும். ஃபைலுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா அனுமதியும்) குடுத்தாலும் வரும். ஏன்னா க்யூஎமு ஓடுறது உங்க பேர்ல இல்ல, உபுண்டுல லிப்வர்ட்-க்யூஎமுன்ற யூசர் பேர்ல, அந்த யூசருக்கு உங்க ஹோம் வாசலையே தாண்ட அனுமதி இல்ல, உபுண்டு 21.04ல இருந்து புது ஹோம் எல்லாம் 750தான். சுடோ எம்வி போட்டு /வார்/லிப்/லிப்வர்ட்/இமேஜஸ்க்கு தள்ளிருங்க. செலினக்ஸ் (ரெட் ஹேட் குடும்பத்துல வர்ற கூடுதல் பாதுகாப்பு) இருக்கிற சிஸ்டம்னா தள்ளினதுக்கு அப்புறம் ரீஸ்டோர்கான் -ஆர்வி போடுங்க, இதுல ஆர் பெரிய எழுத்து. செலினக்ஸையே ஆஃப் பண்ணிரலாம்னு சொல்ற பதிலை தாண்டி போயிருங்க.

திரை இல்லாத சர்வர்ல ஓட்டுறது

விர்ச்சுவல்பாக்ஸ்னு டைப் பண்ணா டிஸ்பிளே கிடைக்கலன்னு எரர் வந்தா அது இன்ஸ்டால் கோளாறே இல்ல, திறக்கிறதுக்கு சர்வர்ல திரை இல்ல, அவ்ளோதான். விபாக்ஸ்மேனேஜ் ஸ்டார்ட்விஎம், விஎம் பேரு, --டைப் ஹெட்லெஸ், இப்படி ஓட்டுங்க. விபாக்ஸ்மேனேஜ்ல வி, பி, எம் மூணும் பெரிய எழுத்து.

கேவிஎம்ல வர்ட்-இன்ஸ்டால் போடுறப்ப --கிராஃபிக்ஸ் நன் குடுத்துட்டு கருப்பு ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, ஒண்ணும் வராது. ஏன்னா உள்ள இருக்கிற இன்ஸ்டாலர் இன்னும் இல்லாத திரையில எழுதிக்கிட்டு இருக்கு, அதை சீரியல் பக்கம் திருப்பணும். --எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ்ல கன்சோல்=டிடிஒய்எஸ்0ன்னு குடுங்க (எஸ் மட்டும் பெரிய எழுத்து, கடைசில பூஜ்யம்). இந்த ஆப்ஷன் --சிடிராமோட வேலை செய்யாது, --லொக்கேஷன் போட்டு ஐஎஸ்ஓவை குடுத்தாதான் எடுத்துக்கும். புது வெர்ஷன்ல எந்த ஓஎஸ்னு அதால கண்டுபிடிக்க முடியலன்னா நின்னுரும், --ஓஎஸ்இன்ஃபோல ஓஎஸ் பேரை குடுங்க, என்ன போடுறதுன்னு தெரியலன்னா டிடெக்ட்=ஆன்,ரிக்வயர்=ஆஃப்னு குடுங்க. உள்ள போயிட்டு வெளிய வர கண்ட்ரோலோட வலது சதுர அடைப்புக்குறி. இது தெரியாம டெர்மினலையே மூடிட்டு ஓடுன காலம் எனக்கும் உண்டு.

நெட்வொர்க்

நெட்வொர்க் டிஃபால்ட் இஸ் நாட் ஆக்டிவ்னு வந்தா வர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட், அப்புறம் வர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட். ஸ்டார்ட் ஆகாம நெட்வொர்க் இஸ் ஆல்ரெடி இன் யூஸ்னு சொன்னா பெரும்பாலும் நீங்க விஎம்முக்குள்ள விஎம் ஓட்டுறீங்க, வெளிய இருக்கிறதும் லிப்வர்ட், ரெண்டு பேரும் 192.168.122ன்னு ஒரே நம்பரை பிடிச்சு இழுக்கிறாங்க. வர்ஷ் நெட்-எடிட் டிஃபால்ட் அடிச்சு உள்ள இருக்கிற 122 எல்லாத்தையும் 123ன்னு மாத்துங்க. 53ஆம் போர்ட்ல அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்னு வந்தா சர்வர்ல வேற டிஎன்எஸ் சர்வர் எல்லா ஐபிலயும் உக்காந்திருக்கு, அதை குறிப்பிட்ட ஐபில மட்டும் கேக்க சொல்லுங்க.

விஎம்முக்கு ஐபி கிடைச்சிருச்சு ஆனா வெளிய போக முடியல, அதே சர்வர்ல டாக்கரும் (கன்டெய்னர் ஓட்டுற சாஃப்ட்வேர்) இருக்குன்னா அவரைத்தான் பிடிக்கணும். டாக்கர் ஃபயர்வால்ல ஃபார்வர்ட் செயினோட பாலிசியை ட்ராப்னு மாத்தி வெச்சிரும், உங்க விஎம் பாக்கெட் அங்கயே செத்து விழும். சுடோ ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -என் -வி அடிச்சு (எல்லும் ஃபார்வர்டும் பெரிய எழுத்து) ட்ராப் பக்கத்துல பாக்கெட் எண்ணிக்கை ஏறுதான்னு பாருங்க, ஏறுச்சுன்னா டாக்கர்-யூசர் செயின்ல உங்க பிரிட்ஜுக்கு அக்செப்ட் போடுங்க (செயின் பேரும் அக்செப்டும் பெரிய எழுத்து).

விஎம்மை நேரா வெளி நெட்வொர்க்கோட இணைக்க பிரிட்ஜ் அமைக்கிறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. எந்த கார்டு வழியா எஸ்எஸ்எச்ல வந்திருக்கீங்களோ அதே கார்டை பிரிட்ஜுக்குள்ள தள்றப்ப ஐபி ஒரு நொடி காணாம போகும், கான்ஃபிக்ல ஒரு ஸ்பேஸ் தப்பா இருந்தா திரும்பி வரவே வராது. கன்சோலை பக்கத்துல திறந்து வெச்சுக்கிட்டு பண்ணுங்க, கன்சோல் இல்லன்னா பழைய கான்ஃபிக்கை காப்பி எடுத்து பத்து நிமிஷத்துல அதை திருப்பி வெச்சு ரீபூட் பண்ற மாதிரி அட் கமாண்ட்ல ஒரு ஜாப் போட்டுட்டு ஆரம்பிங்க, எல்லாம் நல்லா வந்தா ஜாபை ரத்து பண்ணிக்கலாம். வாடகை சர்வர்ல பல இடத்துல பிரிட்ஜே வேலை செய்யாது, தெரியாத மேக் அட்ரஸ்ல இருந்து வர்ற பாக்கெட்டை அவங்க சுவிட்சே தூக்கி போட்டுரும், அங்க நேட்லயே (டிஃபால்ட் நெட்வொர்க் மாதிரி ஹோஸ்ட்டோட ஐபி வழியா வெளிய போறது) இருங்க.

இவ்ளோவும் பாத்து விஎம் ஓட ஆரம்பிச்சுட்டா உடனே அதுல வேலையை ஆரம்பிக்காதீங்க. ஹோஸ்ட்டை ஒரு தடவை ரீபூட் பண்ணுங்க, இன்னைக்கே, நீங்க முன்னாடி உக்காந்திருக்கிறப்பவே. மாட்யூல் தானா ஏறுதா, டிஃபால்ட் நெட்வொர்க் எந்திரிக்குதா, வர்ஷ் ஆட்டோஸ்டார்ட் போட்ட விஎம் வருதான்னு பாருங்க. வரலன்னா எது வரலையோ அந்த அடுக்குக்கு போய் திருப்பி ஆரம்பிங்க.